முத்தாரம்மன் இடம் மாறினாள்

மின்வெட்டு மாதிரிதான் அதுவும். மதியமானால் வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். சின்ன விமானங்கள் பழைய திசைகாட்டியைப் பார்த்துப் பறக்கும். ஏனென்று யாரும் கேட்பதில்லை.

தூத்துக்குடி விமான நிலையத்தில் மூட்டை ஏற்றும் சுடலைக்கண்ணு, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ரேடியோ அறை வாசலில் குந்தியிருந்தார். அவர் மகள் செல்வக்கனி, தெற்கே நடுக்கடலில் மிதக்கும் ஊரில் மருந்து இறக்கிவிட்டு, மேகத்துக்குள் விமானத்தைத் திருப்பி ஓட்டி வந்துகொண்டிருந்தாள்.

"குரல் மங்குது அண்ணாச்சி," என்றான் ரேடியோக்கார ரொசாரியோ. "கிட்ட வரவேண்டிய புள்ள தூரமாப் போவுது." மைக்கில் கேட்டான்: "கனி, திசைகாட்டி என்ன காட்டுது?"

"நேர் வடக்கு. ஆனா கரையையே காணோம். பெட்ரோலும் அடியில கெடக்கு."

"பக்கத்துல காந்தம் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லையே. எங்கப்பா காலையில ஒட்டுன முத்தாரம்மன்தான் இருக்கு."

சுடலைக்கண்ணு எழுந்து உள்ளே ஓடினார். கார் சாமான் கடையில் வாங்கிய அம்மன், அடியில் காந்தம். மகளுக்குத் துணையாக இருக்கட்டுமென்று திசைகாட்டியை அணைத்தாற்போல் வைத்தவரே அவர்தான். மைக்கைப் பிடுங்கினார்.

"ஏட்டி, ஆத்தாளக் கழத்தி வால் பக்கமா வீசு!"

"சாமியவா?"

"வீசுட்டி!"

இரைச்சலுக்கு நடுவே ஏதோ தகரத்தில் மோதி விழுவது கேட்டது.

"யப்பா, முள்ளு திரும்பிட்டு. நான் மேக்கல்லா போய்க்கிட்டிருந்தேன்!"

இருட்டுமுன் விமானம் வந்து இறங்கியது. டாங்கியில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. சுடலைக்கண்ணு விமானத்தின் பின்பக்கம் ஏறினார். காலிப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்த அம்மனைத் தேடியெடுத்து, வேட்டியில் துடைத்து, வால் கோடியில் இருந்த இரும்புப் பட்டையில் ஒட்டினார்.

"பின்னால இருந்தே பாத்துக்கிடட்டும்," என்றார்.