நாற்பதாவது தாள்

ஒரே கதை, நாப்பது புத்தகம். நாப்பதுலயும் கடைசித் தாளைக் காணோம்!

"காலேஜ் லைப்ரரி புத்தகத்தை வாத்தியாரே கிழிக்கிறதா?" பிரின்சிபால் மேஜையைத் தட்டின வேகத்துல பேனா ஸ்டாண்டு கவுந்து போச்சு.

இலக்கியம் நடத்துற மேடம் அசரலை. "புது மாதிரி பாடம் சார். கதையோட முடிவைப் பசங்களே எழுதணும்."

நான் கதவோரம் நின்னுட்டிருந்தேன். லைப்ரரில புத்தகம் எடுத்துக் கொடுக்கிறதும், கிழிஞ்சதை ஒட்டுறதும் என் வேலை. சாட்சி சொல்ல வரச் சொல்லியிருந்தாங்க. முப்பது வருஷமா ஒட்டின கைக்கு, கிழிச்சுப் பாடம் நடத்துறது என்ன கணக்குன்னே புரியலை.

"கடைசிப் பக்கத்தைப் படிக்காதீங்கன்னு சொன்னா போதாதா மேடம்?" பிரின்சிபால் விடலை.

"சொன்னா முதல் வேலையா அதைத்தான் படிப்பாங்க சார்."

அது வாஸ்தவம்தான். என் மருமகளும் அப்படித்தான், எந்தக் கதைப் புத்தகம் வந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல திருப்புவா. என் பையனைப் பொண்ணு பார்க்கக் கூட்டிட்டுப் போனப்பவே, "ரிட்டையர் ஆனா எவ்வளவு வரும்?"னு கேட்டவளாச்சே! சரி, அதை விடுங்க.

"இந்தக் கதையோட முடிவு என்ன?"ன்னார் பிரின்சிபால்.

"அந்தப் பொண்ணு ஏரிக்குள்ள இறங்கிடுவா சார். திரும்ப வரமாட்டா. என் வகுப்புல ஒரே ஒரு நிபந்தனை. என்ன வேணா எழுதுங்க, அவ கரையேறி வந்துடணும்."

பிரின்சிபால் பசங்க எழுதின தாளை எடுத்துப் படிச்சார். "'தண்ணில கால் வெச்சா. சில்லுன்னு இருந்துச்சு. வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டா.' இதுக்குப் பத்துக்கு எட்டா?"

"தூங்கி எழுந்தா பாதி பாரம் குறையும் சார். அதுக்குத்தான் எட்டு."

"இது என்ன? 'ஏரில தண்ணியே இல்லை!' இதுக்கு ஒன்பதா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. எங்க குடும்பத்துக்கே நேரம் காலம் தெரியாது. என் நாத்தனார் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் டாக்டரைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சா?"ன்னாரே!

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு அடங்கிப் போச்சு.

"ஆறு வருஷமா இவங்க தற்காலிகம். நிரந்தரமாக்குற பேப்பர் இதோ, கையெழுத்துக்குக் காத்திருக்கு. நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்கம்மா."

"மத்தியானம் லைப்ரரில உட்கார்ந்து, ஸ்கேல் வெச்சு ஒவ்வொண்ணா எடுத்தாங்க சார். ஆனா முப்பத்தொன்பதுதான். ஒரு புத்தகம் முன்னாடியே..."

"நாப்பதும் நான்தான்!" மேடம் வெடுக்குன்னு குறுக்கே வந்தாங்க.

"இல்ல மேடம். அது கையால பிச்சது, ஓரமெல்லாம் கன்னாபின்னான்னு இருந்துச்சே. லைப்ரரி ரிஜிஸ்டரைப் பார்த்தா யார் வாங்கிட்டுப் போனதுன்னு..."

"அக்கா! நாப்பதும் நான்தான்னு சொல்றேன்ல?"

குற்றத்துல குறைச்சுச் சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். கூட ஒண்ணு சேர்த்துக் கேட்டு வாங்குறவங்களை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

பிரின்சிபால் அந்தப் பேப்பரை எடுத்து டிராயருக்குள்ள போட்டுப் பூட்டினார். "இந்த வருஷத்தோட வேற இடம் பார்த்துக்கோங்க."

வராண்டாவுல ஓடிப் போய் மேடத்தைப் பிடிச்சேன்.

"ஏன் மேடம் இப்படி? ஒரு பிள்ளை ஒரு தாளைப் பிச்சா, அந்தப் பிள்ளையைக் கேட்டா தீர்ந்துது. அதுக்காக மிச்ச முப்பத்தொன்பதையும் கிழிச்சு, வேலையையும் தொலைச்சுக்கிட்டு... எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை."

"ஒரு புத்தகத்துல மட்டும் காணோம்னா அவளைக் கேட்பாங்க அக்கா. எல்லாத்துலயும் காணோம்னா என்னைத்தானே கேட்பாங்க?"

"கேட்கட்டுமே! அப்படி என்ன கொலைக்குத்தம்?"

மேடம் கைப்பையைத் திறந்து, நாலா மடிச்ச ஒரு தாளை எடுத்தாங்க.

"திருத்தக் கொடுத்த நோட்டுக்குள்ள இருந்துச்சு. அன்னிக்கே அவ அம்மாவை வரவழைச்சுப் பேசினேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம். இப்போ உங்களுக்குத் தெரியும். இதுக்கு மேல ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

பிரிச்சுப் பார்த்தேன். ஏரி வர்ற பக்கம். கதாநாயகி பேர் வர்ற இடத்தையெல்லாம் அடிச்சிட்டு, அது மேல தன் பேரை எழுதி வெச்சிருந்தா அந்தப் பொண்ணு.