தவளை நின்ற இடம்

அம்புக்குறிப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தவளை ஒரு அடி வைக்கும், நின்று யோசிக்கும், பிறகுதான் ஓடும். அந்த அரை நொடியில் லாரி ஏறிவிடும். மகளின் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்காக, கணினித் திரையில் கட்டளைக் கட்டைகளை அடுக்கி பிலோமினா செய்த விளையாட்டு அது. அவர்கள் வரப் பத்து நிமிடமே இருந்தது.

"நான் செஞ்ச தவளையாச்சே, என்னை மாதிரியே தயங்குது" என்றாள் பிலோமினா.

"தவளை மேல பழி போடாதீங்க அண்ணி." நாத்தனார் ஜெசிந்தா ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து 'க'வை அழுத்திப் பிடித்தாள். ஒரு க வந்தது. சற்று நின்றது. பிறகு ககககக என்று கொட்டியது.

"பாத்தீங்களா, யோசிக்கிறது கீபோர்டு. கை தெரியாம பட்டுச்சா, நிஜமாவே பிடிச்சிருக்காங்களான்னு பாக்குது. அது சொல்ற வரைக்கும் நாம ஏன் காத்திருக்கணும்? பொத்தான் அழுந்தியிருக்கான்னு தவளையே விடாம கேட்டுக்கிட்டு இருக்கட்டும்."

அந்தக் கேள்வியை, உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'எப்போதும்' என்ற கட்டைக்குள் செருகினார்கள். பிலோமினா அழுத்தினாள். தவளை நிற்காமல் மூன்று லாரிகளைத் தாண்டி, முதல்முறையாகச் சாலையின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

அங்கே வெறும் வெள்ளை. இதுவரை எந்தத் தவளையும் போகாத இடம் என்பதால் அவள் எதுவும் வரைந்திருக்கவில்லை.

வாசலில் மணி அடித்தது.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணி," ஜெசிந்தா திரையில் தூரிகையை எடுத்தாள். "அதுக்கு அங்க என்னல்லாம் வேணும்?"