ஒன்பது நாள் திட்டம்

லப்பைக்குடிக்காட்டு உற்றார் உறவினருக்கு முக்கிய அறிவிப்பு: துபாய் நேரப்படி உறங்கிவரும் எட்டு மாதக் குழந்தை ஜெய்னப், ஒன்பதே நாளில் இந்திய நேரத்துக்கு மாற்றப்படுவாள்.

அறிவித்தவன் அவளைப் பெற்ற ஹபீப். மனைவியையும் பிள்ளையையும் ஊரில் விட்டுப்போக ஒரு மாத லீவில் வந்திருந்தான்.

"ஒன்றரை மணிதான் வித்தியாசம். தெனம் பத்து நிமிசம் முன்னாடி தூங்க வச்சா, ஒம்பது நாளு," என்று கைக்கடிகாரத்தைத் தட்டினான்.

இருபது நாளாயிற்று. பகலெல்லாம் ஹபீப், துபாய் நண்பர்கள் கொடுத்தனுப்பிய பார்சல்களோடு செந்துறை, ஆண்டிமடம் என்று பஸ்ஸில் அலைந்தான். இரவு ஒன்பது மணிக்கு அவன் வீடு திரும்பிச் சாப்பிட உட்காரும்போதெல்லாம், குழந்தை முழித்துக்கொண்டு சிரித்தது.

"ஒங்க கணக்கு பெரம்பலூர் பஸ்ஸு மாதிரில்ல இருக்கு மருமவனே, சொன்ன நேரத்துக்கு வரவே மாட்டேங்குது," என்றாள் மாமியார்.

அவன் மனைவி மைமூனுக்குத் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. "நீங்க படிச்சவங்க, ஒங்க கணக்கு தப்பாது மச்சான். எனக்குத்தான் பிள்ளை வளக்கத் தெரியலை."

ஹபீப் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

ஹபீப் துபாய்க்குப் புறப்படும் நாளன்று இரவு எட்டு மணிக்குக் கார் வந்தது. தொட்டிலில் குழந்தை அயர்ந்து தூங்கியது.

"இன்னிக்குப் பாத்து தூங்குது. எழுப்பட்டுமா மச்சான்?"

"வேணாம். தூங்கட்டும்."

திட்டம் ஒன்பதாம் நாளே பலித்துவிட்டது. மைமூன் அடுப்படியில் சோறு சூடாக்கும் நேரம் பார்த்து, அன்றிலிருந்து தினமும் குழந்தையின் கால் பெருவிரலைக் கிள்ளி எழுப்பியவன் ஹபீப்தான்.

அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.