மேசைக்குக் கீழே

அமுதவள்ளியின் கால் விரலைக் குறடு கவ்வியபோது அவள் கடைசிக் கேள்வியில் இருந்தாள்.

முகம் அசையவில்லை. லேப்டாப்பில் எம்.ஏ. வரலாற்றின் கடைசித் தாள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவள் முகம். அந்த முகத்தைச் சென்னையில் எங்கோ உட்கார்ந்து மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக்குக் கீழே குறடு பிடித்திருந்தவன் அவள் புருஷன் நாகேந்திரன்.

வீட்டிலிருந்தே எழுதும் பரீட்சை என்றால் லேசுப்பட்ட காரியம் இல்லை. அறையில் வேறு ஆள் தெரியக் கூடாது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கத்தினால், அழுதால் அத்தோடு ரத்து. எல்லாம் பதிவாகும். முதல் தாளின்போது மேற்பார்வையாளர் இதையெல்லாம் சொன்னதைக் கதவோரம் நின்று நாகேந்திரன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். பொண்டாட்டி படிப்பில் அவனுக்கு அக்கறை வந்ததே அன்றைக்குத்தான்.

அவன் அரசாங்க வேலையில் இருப்பவன். இந்தக் கோலத்தில் முகம் கேமராவில் விழுந்தால் வேலைக்கே உலை வைத்துவிடும். அதனால்தான் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற அந்த வீரன் மேசைக்கு அடியில் மண்டி போட்டுக் கிடந்தான்.

பரீட்சை தொடங்குமுன்பே சொல்லியிருந்தான். "ஒன் வாயிலேருந்து ஒரு சத்தம் வரட்டும்டி. பரீட்சையும் போச்சு, மதுரையும் போச்சு."

மதுரை என்பது அங்கே ஒரு பள்ளிக்கூடத்து வேலை. எம்.ஏ. முடித்தால் போதும், பள்ளிப் பிள்ளைகளின் ஹாஸ்டலிலேயே அவளும் தங்கிக்கொள்ளலாம் என்றிருந்தார்கள். அவளுக்கென்று தனி அறை. போய்ப் பார்த்த அன்றைக்கு அந்த அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டும் திறந்தும் பார்த்துக்கொண்டே நின்றாள். முப்பத்தெட்டு வயதில் அவள் வேறெதற்கும் ஆசைப்படவில்லை.

முதலில் கீழே உட்கார்ந்தபடி பூட்ஸ் காலை நீட்டி அவள் பாதத்தை மிதித்தான். தாங்கிக்கொண்டாள். பிறகு சிகரெட் நுனியைக் கெண்டைக்காலில் வைத்து அழுத்தினான். தோல் கருகிய நாற்றம் மேசைக்கு மேலே ஏறியது. எழுத்துகள் தப்பும் தவறுமாக விழுந்தன. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள்.

இப்போது குறடு.

அது பிடித்தது மெட்டி போட்ட விரலை. கல்யாணத்தன்று அம்மியில் அவள் காலை எடுத்து வைத்து, ஊரே பார்க்க அவன் கையாலேயே போட்டுவிட்ட மெட்டி. அதை நெரித்தான். வெள்ளி வளைந்து சதைக்குள் இறங்கியது. நகம் பிளந்து ரத்தம் சிமெண்டுத் தரையில் ஓடியது.

"மேடம், உடம்பு சரியில்லையா? ரொம்ப வேர்க்குதே" என்றார் மேற்பார்வையாளர்.

குறடு நின்றது. கீழே அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு உதவி வந்துவிடும். பரீட்சைதான் இருக்காது.

"புழுக்கமா இருக்கு சார்" என்றாள்.

குறடு மறுபடி திருகியது. இந்தத் தடவை எலும்பே நொறுங்கியது. பாவி, கறிக்கடைக்காரன்கூட ஆட்டை இப்படி வதைக்கமாட்டான். அமுதவள்ளியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இவனை வெட்டிக் கடலில் போட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே தட்டினாள், நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரம் போனது.

"சார், சிக்னல் விட்டு விட்டு வருது. வாசப்பக்கம் போறேன் சார்" என்றாள்.

பதில் வரவில்லை. லேப்டாப்பை மூடாமல் இரண்டு கையாலும் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசல் பக்கம் திரும்பினாள். கேமராவும் அவளோடு திரும்பியது. இனி அவள் முதுகுக்குப் பின்னால் யார் வந்தாலும் அதில் விழுவார்கள்.

நாகேந்திரன் வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து அவன் மூக்கால் சிரிக்கிற சத்தம்தான் கேட்டது. நாற்காலியை விட்டு எழுந்தாலே பரீட்சை செல்லாது, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்று அவனுக்குச் சந்தோஷம்.

நொண்டி நொண்டி ரோட்டுக்கு வந்தாள். கால் வைத்த இடமெல்லாம் ரத்தம். பாம்பன் போகிற டவுன் பஸ் வந்து நின்றது. டவுன் பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதால் பர்ஸ் இல்லாதது ஒரு குறையாகப் படவில்லை. லேப்டாப்பை அப்படியே பிடித்தபடி ஏறி உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த மீன்கார அம்மா அவள் காலைப் பார்த்துப் பதறினாள். பிறகு திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தா பாக்குற இதுல? ஒண்ணும் ஓடலையே. வெறும் நீலமால்ல கெடக்கு."

"முடிச்சு அனுப்பி ரொம்ப நேரமாச்சுக்கா" என்றாள் அமுதவள்ளி.

புழுக்கமாக இருக்கிறது என்று சொன்ன கையோடு கடைசி வரியை முடித்து அனுப்பியிருந்தாள்; அதற்குப் பிறகு தட்டியதெல்லாம் அவன் காதுக்காக. அந்த நிமிஷமே கேமரா அணைந்துவிட்டது. எலும்பு நொறுங்கும்போது பரீட்சையும் இல்லை, பார்ப்பதற்கு ஆளும் இல்லை. கத்தியிருந்தாலும் அவளுக்கு ஒரு மார்க்கும் குறைந்திருக்காது. ஆனால் கேமரா இன்னும் ஓடுகிறது என்று அவன் நம்பினால்தான் அவள் வாசலைத் தாண்ட முடியும்.

பஸ் கிளம்பி வேகம் எடுத்தது. லேப்டாப்பை மடியில் போட்டுவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பஸ்ஸே நடுங்கிப்போனது. டிரைவர் பதறி பிரேக்கில் கால் வைத்தார்.

"நிறுத்தாதீங்கண்ணே" என்றாள். "போங்க."