கொடியில் ஒற்றை விரிப்பு

“ஏண்டி, தெனமுமா பெட்ஷீட்டத் தொவைப்ப? வாரத்துக்கு ஒருக்கா போதாதா?” என்று பக்கத்து வீட்டு லூர்து அக்கா ஒருமுறை மொட்டைமாடியில் கேட்டார். “தொவைச்சதுல படுத்தாத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்க்கா” என்றேன். “அடேயப்பா, மகாராணிங்க!” என்று சிரித்தார். என் தங்கை மேகலாவுக்குப் பன்னிரண்டு வயதாகியும் தூக்கத்தில் சிறுநீர் போய்விடும். அவள் விரிப்பு மட்டும் காய்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று வீட்டிலுள்ள எல்லா விரிப்புகளையும் தினமும் துவைத்துவிடுவேன். லூர்து அக்காவின் மகள் ஸ்டெல்லா மேகலாவின் வகுப்பில்தான் படிக்கிறாள். இன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டிலிருந்த தண்ணீர் மேகலாவின் விரிப்புக்கே சரியாகப் போயிற்று. நீளக் கொடியின் நடுவில் அது தனியாகச் சொட்டிக்கொண்டிருந்தபோது லூர்து அக்கா மாடிக்கு வந்தார். விரிப்பைப் பார்த்தார். கீழே தெருவில், ஸ்டெல்லாவுடன் பள்ளிக்குப் புறப்பட்டு நின்ற மேகலா அண்ணாந்து கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் முகத்தையும் பார்த்தார். விறுவிறுவென்று இறங்கிப் போனவர், தம் வீட்டுக் கட்டில்களிலிருந்து உருவிய விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்தார். ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை, படுத்த சூடுகூட ஆறியிருக்காது. மேகலாவின் விரிப்புக்கு இருபுறமும் அவற்றை உதறிப் போட்டுக் கிளிப் மாட்டினார். “யம்மா, நேத்துதான தொவைச்ச?” என்று தெருவிலிருந்து ஸ்டெல்லா கத்தினாள். “நானும் நல்லாத் தூங்கணும்டி. நீ பஸ்ஸப் புடி, போ!” மேகலா சிரித்துக்கொண்டே ஓடினாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுருக்கம் விழுந்திருந்த ஓர் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனார்.