கப்பல் நேரம் உச்சியில்

"என் கட்டுரையை மீன் வெட்டற மாதிரி துண்டு துண்டா வெட்டி வச்சிருக்கா சார். இவளை முதல்ல வெளியே அனுப்புங்க."

தீவுத் தலைநகரின் டாலிகஞ்ச் பகுதியில் இருந்த தமிழ்ச் சங்க அறைக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தார் ஜெகநாதன். ரிட்டயர்டு ஆபீசர். சங்கத்தின் வலைப்பூவில் வாராவாரம் எழுதுகிறவர்.

தலைவர் முத்துகிருஷ்ணன் நிமிர்ந்தார். கட்டுரைகளை வலைப்பூவில் ஏற்றும் உமா மகேஸ்வரி கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து நின்றாள்.

"ரெண்டு வரிக்கு ஒரு பத்தி. நடுநடுவே குட்டித் தலைப்பு. கப்பல் நேரம் கொட்டை எழுத்துல உச்சியில. நான் எழுதின அலையும் நிலாவும் அடியில. இது கட்டுரையா, கப்பல் ஜெட்டியில மாட்டற டைம் போர்டா?"

"போன்ல படிக்கிறவங்களுக்குச் சுலபமா இருக்கும்னு..."

"முப்பது வருஷமா எழுதறேன். எனக்கே சொல்லித் தர்றியா நீ?"



"கொஞ்சம் இருங்க ஜெகநாதன். இவர் அழகையா. ஹட் பேலேருந்து கப்பல் ஏறி வந்திருக்கார். அவரும் நம்ம வலைப்பூ விஷயமாத்தான் வந்திருக்கார்" என்றார் முத்துகிருஷ்ணன்.

பெஞ்சிலிருந்த பெரியவரின் குரல் நடுங்கியது. கோபத்தில்தான்.

"போன மாசம் மத்தியானக் கப்பல காலைல ஆறு மணிக்கு மாத்திட்டாங்க. அத உங்க பக்கத்துல எங்கயோ அடியில போட்டிருந்தீங்க. எங்க ஊர்ல நெட்டு நின்னு நின்னுதாங்க வரும். நெலாவப் பத்திப் பாதி வந்து நின்னுருச்சி. கப்பலு போயிருச்சி. எம் பொஞ்சாதிக்கு இங்க பெரியாஸ்பத்திரியில குடுத்த ஆபரேஷன் தேதியும் போச்சி. இன்னைக்கும் வலியில துடிக்கிறா. யாருங்க அத அங்க கொண்டுபோய் வச்சது?"

"நான்தாங்கய்யா. தப்பு என்னோடது" என்றாள் உமா.

ஜெகநாதனுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"அரே, கேட்டீங்களா? அது என் கட்டுரைதான். நேரத்தை நான் சரியா எழுதிக் கொடுத்தேன். எங்கே போடணும்கிறது இவ பொறுப்பு. ஒரு உயிர் விஷயத்துல இவ்வளவு அலட்சியமா? இவளை ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. பேரைப் போட்டு, பகிரங்கமா மன்னிப்புக் கேட்டு வலைப்பூவிலேயே போடுங்க."

முத்துகிருஷ்ணன் தன் போனை எடுத்தார்.

"சார், வேண்டாம் சார்" என்றாள் உமா.

அவர் கேட்கவில்லை. போன மாதம் வந்த வாய்ஸ் மெசேஜை ஓட விட்டார். அறை முழுக்க ஜெகநாதனின் குரல்.

"தலைவரே, அந்தப் பொண்ணு என் கட்டுரைக்கு மேல கப்பல் நேரத்தைப் போட்டு அசிங்கம் பண்ணி வச்சிருந்தா. போன்ல நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கி, அதைக் கடைசிப் பத்திக்கே இறக்க வச்சுட்டேன்."

அழகையா மெல்ல எழுந்து ஜெகநாதன் முகத்தையே பார்த்தார்.

முத்துகிருஷ்ணன் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"பேரைப் போடச் சொன்னீங்களே, போட்டுடறேன். உங்க இனிஷியல் என்ன?"