விளக்கு வைத்த பிறகு

பிரிந்துவிடலாம் என்று சொல்லத் தயாளன் வாயெடுத்தான். அதற்குள் சுகந்தி விடுதி அறையின் மேசை விளக்கின் சுவிட்சைப் போட்டு, வீட்டில் அந்தி நேரத்தில் செய்வது போலவே அதைப் பார்த்துக் கும்பிட்டாள். “விளக்கு வெச்சாச்சுங்க. வேண்டாத பேச்சு எதுவா இருந்தாலும் விடிஞ்சப்புறம் பேசிக்கலாம்.” கல்யாணமான நாளிலிருந்து அவனும் மீறாத வழக்கம் அது. ஜன்னலுக்கு வெளியே, காலைச் சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் டார்ச் அடித்தபடி பனியில் நடந்துகொண்டிருந்தார்கள். துருவத்துக் குளிர்காலம், இங்கே சூரியன் தலைகாட்ட இன்னும் வாரக்கணக்காகும். இந்த ஊருக்குத்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்.

“ஊருக்குத் திரும்ப என்னைக்கு டிக்கெட்?” என்று கேட்டான்.

“கேன்சல் பண்ணிட்டேங்க,” என்ற சுகந்தி, சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.